டான்ஃபோர்த்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: நாடகக் குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஆர்தர் மில்லரின் 'தி க்ரூசிபிள்' நாடகத்தை மேடையேற்றும் நெறியாளர்களுக்கும், அதை வகுப்பில் நடத்தும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

1953இல் அரங்கேறிய அந்த நாடகத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலுள்ள சேலத்தில் 1692இல் நடந்த சூனிய வழக்குகளை நடத்தி, தம் கையொப்பத்தால் பலரைத் தூக்குமரத்துக்கு அனுப்பி, சாட்சியங்கள் ஆட்டங்கண்ட பிறகும் தண்டனையைத் தள்ளிவைக்க மறுக்கும் நீதிபதியாகத் துணை ஆளுநர் டான்ஃபோர்த் வருகிறார். நீதிபதிகள் பலரையும் ஹாதோர்ன், டான்ஃபோர்த் என்ற இருவருக்குள் அடக்கிவிட்டதாக மில்லரே முன்குறிப்பில் சொல்லியிருக்கிறார். நாடகாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்குறிப்பு மேடையில் ஒலிப்பதில்லை. அதனால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றாகிவிட்டது. நிகழ்ச்சிக் கையேட்டில் ஒரு பக்கத்தையும், பாடத்தில் ஒரு வகுப்பையும் உண்மையான தாமஸ் டான்ஃபோர்த்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள ஃப்ரேம்லிங்ஹாமில் 1623இல் பிறந்த அவர், 1634இல் தந்தையுடன் மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்துக்கு வந்தார். அங்குள்ள கேம்பிரிட்ஜில் வாழ்ந்தார், ஹார்வர்டு கல்லூரியின் பொருளாளராக 1650 முதல் ஏறத்தாழ 20 ஆண்டுகள் இருந்தார். 1679இல் துணை ஆளுநரானார். 1686இல் பழைய ஆட்சி கலைக்கப்பட்டபோது பதவியிழந்து, 1689இல் பாஸ்டன் மக்கள் ஆளுநர் ஆண்ட்ரோஸைச் சிறைப்பிடித்த பிறகு மீண்டும் அதே பதவிக்கு வந்தார்.

1692 ஏப்ரல் 11 அன்று சேலம் தொழுகைக்கூடத்தில், அவர் தலைமையில், சூனியக் குற்றம் சாட்டப்பட்ட சாரா க்ளாய்ஸும் எலிசபெத் ப்ராக்டரும் விசாரிக்கப்பட்டார்கள். "உன்னைத் துன்புறுத்தியவர் யார்?" என்ற கேள்வியோடுதான் பதிவு தொடங்குகிறது, துன்புறுத்தல் நடந்ததா என்று முதலில் கேட்கவே இல்லை. ஜான் இந்தியன் என்ற சாட்சி தம் பெயரைச் சொன்னதும், "நான் எப்போது உன்னைத் துன்புறுத்தினேன்?" என்று சாரா கேட்கிறார். "எத்தனையோ முறை" என்கிறான் அவன். "நீ கொடிய பொய்யன்" என்கிறார் அவர். சற்று நேரத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டு, மயங்கிச் சரிந்து உட்கார்ந்துவிடுகிறார். அன்று விசாரிக்கப்பட்டவர்கள் பாஸ்டன் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த நாளின் பொறுப்பிலிருந்து டான்ஃபோர்த்தை விடுவிக்க யாராலும் முடியாது, நானும் முயலவில்லை.

ஆனால் தூக்குத் தண்டனைகளை விதித்த மன்றத்தில் அவர் இல்லை. மே மாதம் புதிய ஆளுநர் ஃபிப்ஸ் புதிய சாசனத்தோடு வந்தபோது துணை ஆளுநர் பதவி வில்லியம் ஸ்டௌட்டனுக்குப் போனது. மே இறுதியில் ஃபிப்ஸ் அமைத்த தனி மன்றத்துக்குத் தலைமை தாங்கியவரும் ஸ்டௌட்டன்தான். முதலில் தூக்கிலிடப்பட்ட பிரிட்ஜெட் பிஷப்பின் மரண ஆணையில் கையொப்பமிட்டவரும் அவரே. அந்த மன்றம் 19 பேரைத் தூக்கிலிட்டது. சாராவின் அக்காள்மார் ரெபேக்கா நர்ஸும் மேரி ஈஸ்டியும் அவர்களில் அடக்கம். அதே ஆண்டு அக்டோபரில் பாஸ்டன் வணிகர் தாமஸ் பிராட்டில் எழுதிய கடிதம், மன்றத்தின் போக்கை ஏற்காத பெரியவர்களைப் பட்டியலிடும்போது முன்னாள் துணை ஆளுநர் டான்ஃபோர்த்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இதைக் கொண்டு அவரைப் புனிதராக்கிவிடவும் வேண்டாம். 1693இல் புதிய உயர்மன்றத்தின் நீதிபதிகளில் ஒருவராக அவர் சார்ல்ஸ்டவுனில் அமர்ந்திருந்தபோது, சுமார் 80 வயது மூதாட்டி ஒருவரைக் குற்றமற்றவர் என்று ஜூரி விடுவித்தது. அப்போதும் டான்ஃபோர்த், "பெண்ணே, பெண்ணே, மனந்திரும்பு, உனக்கெதிராக வலுவான செய்திகள் வந்திருக்கின்றன" என்று அவரைக் கண்டித்தார். சிறைக் கட்டணம் செலுத்த வழியின்றி மீண்டும் சிறைக்குப் போன மூதாட்டி அங்கேயே இறந்தார். சூனியம் உண்டென்று நம்பியபடியே, அதை விசாரித்த முறையை ஏற்க மறுத்தவர் டான்ஃபோர்த்; மேடையில் நாம் பார்க்கும் கல்நெஞ்சரைவிட இந்த மனிதரைப் புரிந்துகொள்வதுதான் கடினம்.

நாடகம் தொடாத இன்னொரு பக்கம் அவருடைய நிலம். 1660களில் தொடங்கி, பாஸ்டனுக்கு மேற்கே பல்லாயிரம் ஏக்கரைச் சேர்த்துக்கொண்டார்; பெரும்பகுதியை விற்காமல் குத்தகைக்கு விட்டார். தம் பிறந்த ஊரை நினைவூட்டும் ஃப்ரேமிங்ஹாம் என்ற பெயரில், அவர் இறந்த மறு ஆண்டு, 1700இல், அது தனி ஊரானது. 1693இல் சிறையிலிருந்து மீண்ட சாராவும் கணவர் பீட்டரும், ரெபேக்காவின் மகன் பெஞ்சமினும், வேறு சில குடும்பங்களும் சேலத்தைத் துறந்து குடியேறியது இந்த நிலத்தில்தான். அங்குள்ள சாலைக்கு இன்றும் சேலம் எண்ட் என்றே பெயர். தாம் சிறைக்கு அனுப்பிய பெண்ணுக்கே அவர் நிலம் கொடுத்தார். குடியானவர்கள் தேவைப்பட்ட நிலக்கிழார் என்பதால் இதை முழுக்கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெறும் கணக்கு என்று ஒதுக்கவும் முடியவில்லை.

அந்த நிலமும் நிப்மக் என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த பூமி. பழங்குடியினருக்கும் ஆங்கிலக் குடியேறிகளுக்கும் இடையே மூண்ட பிலிப் மன்னர் போரின் நடுவே, 1676இல், கிறித்தவப் பழங்குடியினருக்குப் பரிந்து பேசியதற்காக குடியேற்றத்தின் அதிகாரி டேனியல் கூக்கினையும் டான்ஃபோர்த்தையும் துரோகிகள் என்று கூறி, கொல்லப்போவதாக மிரட்டும் அறிக்கை பாஸ்டனில் ஒட்டப்பட்டது. பழங்குடியினரின் நிலத்தில் பெருஞ்சொத்து சேர்த்தவர், அவர்களுக்காக உயிர் மிரட்டலையும் ஏற்றார் என்பதை மாணவர்கள் சேர்த்தே படிக்க வேண்டும்.

நீங்கள் அச்சிடும் பக்கத்தில் ஸ்டௌட்டனின் பெயரும், சேலம் எண்ட் குடும்பங்களின் கதையும், சார்ல்ஸ்டவுன் மூதாட்டியின் முடிவும் இடம்பெறட்டும். டான்ஃபோர்த்தாக நடிப்பவர் முதல் ஒத்திகைக்கு முன்பே ஏப்ரல் 11 விசாரணைப் பதிவைப் படித்துவிட ஏற்பாடு செய்யுங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சேலம் ஆவணத் தொகுப்பில் சேலம் வழக்குப் பதிவுகள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

இப்படிக்கு,
சேலம் பதிவுகளை வாசித்துவரும் ஒருவர்