ஏணியில் எத்தனாவது படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு மார்ச் மாதமும் உலக மகிழ்ச்சிப் பட்டியல் வந்ததும் நம் பத்திரிகைகளில் ஒரே மாதிரிதான் தலைப்பு வருகிறது: ஃபின்லாந்து முதலிடம், இந்தியா பின்வரிசை. 2024இல் 143 நாடுகளில் நமக்கு 126ஆவது இடம் என்று படித்துவிட்டு என் மருமகன் கொதித்துப் போனார். எனக்குக் கோபம் வரவில்லை. பத்தொன்பது வருஷம் திண்டுக்கல், தேனி பக்கம் வீடு வீடாகப் போய்ச் சர்வே எடுத்தவன் நான். இந்த மாதிரி எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அந்தப் பட்டியலில் இடம் தீர்மானமாவது ஒரே ஒரு கேள்வியால். ஹாட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் 0, உச்சியில் 10. உச்சிப் படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? மூன்று வருஷத்துப் பதில்களின் சராசரிதான் நாட்டின் மதிப்பெண்.

இதே ஏணியை நிலக்கோட்டை பக்கம் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் நீட்டினேன். "ஏம்ப்பா, முட்டி வலியோட கெடக்கேன், என்னையப் போயி ஏணியில ஏறச் சொல்றியே" என்றார். கற்பனை ஏணிதான் பாட்டி என்று விளக்கி முடிப்பதற்குள் ஒரு முழம் பூ கட்டி முடித்துவிட்டார். கடைசியில் "நீயே ஒண்ணப் போட்டுக்க" என்றார். நான் 5 போட்டேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். பொழுது சாய்ந்த நேரத்தில் பதிவான நடு எண்களில் சில, பதில் சொன்னவருடையவை அல்ல, என் களைப்பினுடையவை.

அதே வாரம் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சொந்த வீடு, பென்ஷன், பிள்ளைகள் நல்ல வேலையில். 6 என்றார். "பத்துக்குப் பத்து நான் யாருக்குமே போட்டதில்ல தம்பி." இரண்டு வீடு தள்ளி ஆட்டோ ஓட்டுபவர், வண்டிக்கடன் கழுத்தை நெரிக்கிறது. 9 என்றார். "குறைச்சுச் சொன்னா வீட்டுக்கு ஆகாது சார்." கண் பட்டுவிடும் என்று குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் ரேஷன் கார்டு போய்விடுமோ என்று பயந்தவர்கள் அதைவிட அதிகம். பள்ளிக்கூடம் போனவர்களுக்கோ எண் என்றாலே மார்க்தான். நூற்றுக்கு 35 வாங்கினால் பாஸ் என்று பழகியவருக்கு 4 ஒன்றும் மோசமில்லை. ஃபின்லாந்துக்காரருக்கு 4 அப்படித் தோன்றுமா?

"மிகவும் சம்மதம், சம்மதம், இரண்டும் இல்லை, சம்மதமில்லை, சிறிதும் சம்மதமில்லை" என்ற ஐந்து கட்டத்திலும் இதே சிக்கல்தான். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கொண்டுவந்த முறை அது (எங்கள் மேற்பார்வையாளர் கடைசிவரை லைக்கர்ட் என்றுதான் சொன்னார்). எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர்களைப் பிடிக்க, கேள்விகளில் பாதியைத் தலைகீழாக வைப்பார்கள். ஒருவர் தன்னை எவ்வளவு மதிக்கிறார் என்று அளக்க, ரோசன்பெர்க் என்ற அமெரிக்க சமூகவியலாளர் உருவாக்கிய சுயமதிப்பு அளவுகோலில் பத்து வாக்கியங்கள். ஐந்து நேர், ஐந்து எதிர். எதிர் வாக்கியங்களில் ஒன்று, பெருமைப்பட என்னிடம் அதிகமாக ஒன்றும் இல்லை என்பது. இதைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். "இல்லைங்க" என்பார்கள். பெருமைப்பட ஒன்றும் இல்லை என்கிறாரா, நீங்கள் சொல்வது சரியில்லை என்கிறாரா? மறுபடி கேட்டால், "ஆமாங்க, இல்லைங்க." எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. ஜப்பான், தைவான், அமெரிக்கா, கனடா மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1995இல் வந்தது. ஆசிய மாணவர்கள் நடுக்கட்டத்தை அதிகம் தொட்டார்கள், அமெரிக்க மாணவர்கள் ஓரங்களுக்கு ஓடினார்கள். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தவர்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வில், ஐந்து கட்டம் கொடுத்தபோது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மற்றவர்களைவிட ஓரக் கட்டங்களை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். பத்துக் கட்டமாக்கியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது.

அமர்த்தியா சென் 2002இல் எழுதியதையும் இங்கே சொல்ல வேண்டும். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருந்தது கேரளத்தில். குறைவாக இருந்தது பீகாரில். ஆயுள் அதிகமோ கேரளத்தில்தான். படிப்பும் ஆஸ்பத்திரியும் அருகில் இருப்பவருக்குத்தான் நோயை நோய் என்று சொல்லத் தெரிகிறது. வெறும் பதிலை மட்டும் நம்பி நிதி ஒதுக்கினால் பணம் எங்கே போகும்?

சர்வே எல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அளவுகோலைச் சரிபார்க்க வழியும் இருக்கிறது. கேரி கிங் என்ற அமெரிக்க அரசியல் ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2004இல் காட்டியது எனக்குப் பிடித்த வழி. அரசாங்கக் காரியங்களில் உங்கள் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது என்று கேட்டபோது, மெக்சிகோக்காரர்களைவிடச் சீனாக்காரர்கள் அதிகம் என்றார்கள். மெக்சிகோவில் 2000இல்தான் மக்கள் ஓட்டுப்போட்டு, 71 வருஷம் ஆண்ட கட்சியை இறக்கியிருந்தார்கள்! அதனால் கூடவே குட்டிக் கதைகளும் கேட்டார்கள். நல்ல குடிதண்ணீர் இல்லாத ஒருவர் அதற்காக என்ன செய்கிறார் என்று நாலு வரி. அவர் பேச்சு எவ்வளவு எடுபடுகிறது? ஒரே கதைக்கு யார் எத்தனை போடுகிறார் என்று பார்த்தால் அவரவர் கை தாராளமா கஞ்சமா என்று தெரிந்துவிடும். அதைக் கழித்துப் பார்த்ததும் வரிசை தலைகீழானது. கதை என்றால் பாட்டியும் பூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பார்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த மார்ச்சில் 126 போல ஓர் எண்ணை முதல் பக்கத்தில் போடும்போது, அந்த ஏணிக் கேள்வியையும் அதற்குக் கீழே அப்படியே தமிழில் அச்சிடுங்கள். இரண்டு வரிதான் பிடிக்கும். வாசகர்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு எண் சொல்லிப் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் நான் 5 என்றேன், என் மனைவி 8 என்றாள். அப்புறம் ராத்திரி முழுக்க அதே பேச்சு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சர்வே களப்பணியாளர்,
திண்டுக்கல்