அப்பா, அந்த ஷீட்ட ஒடைக்க விடாதீங்க

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்க எல்லாரும் நல்லாருக்கோம். போன்ல கேட்டீங்களே, செங்கல் வீடு நல்லாத்தான நிக்குது, அத பாக்க ஒருத்தருக்கு எதுக்கு காசு குடுக்கணும்னு, அன்னிக்கு சரியா பதில் சொல்ல முடியல, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், ஆனா முழுசா படிங்க, நம்ம கொட்டாய் ஷீட்டு விஷயமும் இதுல இருக்கு.

இங்க கனடாவுல, ஸ்கார்பரோல நாங்க வாங்கலாம்னு பாத்த வீடு 1971ல கட்டுனது. இங்க பழைய வீடு வாங்குறவங்க கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஹோம் இன்ஸ்பெக்டர்னு ஒருத்தர கூட்டிட்டு வந்து காட்டுவாங்க. அவரு சுவர ஒடைக்க மாட்டாரு, ஓட்டை போட மாட்டாரு, கண்ணால பாக்குறதுதான், கூட ஈரம் பாக்குற மீட்டரு, டார்ச்சு, ஏணி. நான் கூடவே நடந்தேன். கட்டுன வருஷத்த கேட்டதுமே என்னென்ன இருக்கும்னு அவருக்கு பாதி தெரிஞ்சிருச்சு.

மொதல்ல மெயின் போர்டு. 60கள் நடுவுல இருந்து 70கள் கடைசி வரைக்கும் இங்க காப்பர் வெல ஏறுனதால நெறைய வீட்டுக்குள்ள அலுமினிய ஒயர் ஓட்டிருக்காங்க. ஒயர்ல பிரச்சன இல்ல, ஜாயின்ட்லதான்னு சொன்னாரு. சூட்டுக்கு காப்பர விட அதிகமா விரியும், சுருங்கும், அப்படியே ஸ்க்ரூ லூசாகும், மேல ஆக்சைடு படியும், அந்த எடம் சூடாகி தீ புடிக்கலாம். லைட்டு மினுக்குனாலோ சுவிட்சு பிளேட்டு சூடா இருந்தாலோ உடனே ஆள கூப்பிடணுமாம். எல்லாத்தயும் உருவ வேணாம், ஒவ்வொரு முனையிலயும் சின்ன காப்பர் துண்டு சேத்து அதுக்குன்னு இருக்குற கனெக்டர் போட்டா போதும், ஆனா லைசென்ஸ் இருக்குறவங்கதான் செய்யணும், இல்லன்னா இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க.

பேஸ்மென்ட்ல, அதான் வீட்டுக்கு அடியில மண்ணுக்குள்ள இருக்குற ரூம்ல, சுவரோரம் வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு, வெளிய மண்ணு வீட்டப் பாத்து சரிஞ்சிருக்குறதால தண்ணி உள்ள வருதுன்னு சொன்னாரு, அது சரி பண்ணிரலாம். எனக்கு பயமா இருந்தது ராடான். மண்ணுல இருக்குற யுரேனியம் சிதையுறப்ப வர்ற வாயு, நெறமும் இல்ல வாசனையும் இல்ல, தரைல இருக்குற விரிசல் வழியா ஏறி குளிர்காலத்துல எல்லாம் மூடிக் கெடக்குற வீட்டுக்குள்ளயே தங்கிரும், சிகரெட்டுக்கு அடுத்தபடியா நுரையீரல் கேன்சருக்கு இதுதான் காரணம்னு கனடா சுகாதாரத் துறையே சொல்லுது. ஒரு கன மீட்டர் காத்துல 200 பெக்கரெலுக்கு (கதிரியக்கத்த அளக்குற அளவு) மேல இருந்தா சரி பண்ணணும். அத கண்டுபுடிக்க மூணு மாசமாவது ஒரு சின்ன டப்பாவ கீழ வச்சிருக்கணும், அதனால அந்த ரூம்ல இப்போதைக்கு புள்ளைங்கள படுக்க வைக்க மாட்டேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன்.

அப்பறம் பரண். மூடிய தூக்கி டார்ச்சடிச்சா மினுமினுன்னு சாம்பல் கலர்ல பொரி கொட்டுன மாதிரி கெடந்துச்சு. வெர்மிகுலைட்டாம், ஒரு வகை கனிமம், குளிர் தாங்க கொட்டுவாங்களாம். அமெரிக்காவுல மொன்டானால லிபின்னு ஒரு ஊரு சுரங்கத்துல இருந்து 1990 வரைக்கும் வந்த சரக்குல ஆஸ்பெஸ்டாஸ்ங்குற நாரு மாதிரி கனிமம் கலந்திருந்துச்சு, அது நெஞ்சுக்கு ஆகாது. லேபுக்கு அனுப்புனாத்தான் உறுதியா தெரியும், அதுவரைக்கும் மேல ஏறாதீங்க, சாமான் வைக்காதீங்க, விரிசல அடைங்கன்னு சொல்லி மெதுவா மூடிட்டாரு. கீழ பழைய தரை டைலயும் பேக்காதீங்கன்னாரு, அதுலயும் இருக்கலாமாம்.

அப்பத்தான்ப்பா எனக்கு நம்ம கொட்டாய் ஞாபகம் வந்துச்சு. பின்னாடி ஷீட்டு ஒடஞ்சிருக்கு, ஆளு வந்து அறுத்து புதுசு போடுவான்னு சொன்னீங்க இல்ல. அது அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். இங்க கியூபெக் மாகாணத்துல அந்த பேர்லயே ஒரு ஊரு இருந்துச்சு, சுரங்க ஊரு, 2020ல ஓட்டு போட்டு பேர மாத்திட்டாங்க. இந்த நாட்டுல ஒரு பக்கம் சொந்த கட்டடத்துல இருந்து அத மூடி மூடி எடுத்துட்டு இருந்தப்பவே, 2011 வரைக்கும் வெட்டி நம்ம நாட்டுக்கு வித்துட்டு இருந்தாங்க, இங்க 2018லதான் தடை வந்துச்சு. படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிஞ்சுது. நம்ம ஊருல இன்னும் கடைல சாதாரணமா கெடைக்குது.

ஒடையாம இருக்குற ஷீட்டால பெரிய ஆபத்து இல்ல. அறுக்குறப்ப, டிரில் போடுறப்ப, ஒடைக்குறப்ப வர்ற தூசிலதான் கண்ணுக்கே தெரியாத நாரு இருக்கு, நெஞ்சுக்குள்ள போனா வெளிய வராது, நோவு இருபது முப்பது வருஷம் கழிச்சுதான் தெரியும். நம்ம தெருவுல போகிக்கு பசங்க துண்ட தீயில போட்டு வெடிக்க விடுவாங்களே, யாரும் ஒரு வார்த்த சொன்னதில்ல.

அதனால அந்த ஆளுகிட்ட கட்டாயம் சொல்லுங்க, மெஷின் வச்சு அறுக்கக்கூடாது. தண்ணி அடிச்சு நல்லா நனைச்சுட்டு போல்ட்ட கழட்டி முழுசா எறக்கட்டும். அவனுக்கும் நல்ல மாஸ்க் வாங்கிக் குடுங்க, துண்டு கட்டுனா பத்தாது, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு. காய்ஞ்ச தூசிய வெளக்கமாத்தால கூட்ட வேணாம், ஈரத்துணியால தொடைச்சு துணியோட கட்டிருங்க. ஒடஞ்ச துண்ட கோழிக்கூண்டு மேல வைக்காதீங்க, பாதைலயும் போடாதீங்க. அம்மாவும் அண்ணன் புள்ளைங்களும் அன்னிக்கு சித்தி வீட்டுக்கு போயிரட்டும்.

புதுசா போடுறது தகர ஷீட்டா இருக்கட்டும், வெல கூடத்தான், வித்தியாசத்த நான் அனுப்புறேன். வெயிலுக்கு சூடாகும்னு சொல்லுவீங்க, மேல தென்னங்கீத்து போட்டுக்கலாம். பணம் வர்ற வரைக்கும் ஆள வரச் சொல்லாதீங்கப்பா, ஞாயித்துக்கெழம கூப்புடுறேன்.

உங்க மக