வாலிங்போர்டிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு மாலை வேளைகளை எப்படிக் கழிக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மாதமாக 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வரலாற்றைப் படிக்கிறேன்; அதில் பிரையன் பிட்ஸ்கவுண்ட் என்ற மனிதர் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறார்.

அவர் பிரிட்டனியின் (இன்றைய பிரான்சின் வடமேற்குப் பகுதி) கோமகன் நான்காம் ஆலனுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்தவர். எனவே தந்தையின் நாட்டில் அவருக்குப் பங்கில்லை. அவரை வளர்த்து ஆளாக்கிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றியே அவருக்கு நிலமும் கொடுத்தார். தேம்ஸ் கரையிலுள்ள வாலிங்போர்ட் கோட்டை மனைவி வழியாக வந்தது.

1135இல் மன்னர் இறந்ததும், அவர் மகள் பேரரசி மெட்டில்டாவை ஏற்போம் என்று சத்தியம் செய்திருந்த பிரபுக்கள் பலர், மன்னரின் சகோதரி மகன் ஸ்டீபன் பக்கம் சாய்ந்தனர். தொடக்கத்தில் பிரையனும் ஸ்டீபனை ஏற்றவர்தான். ஆனால் 1139இல் மெட்டில்டா வந்திறங்கியபோது அவரோடு சேர்ந்தவர், பிறகு மாறவே இல்லை. செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வதை அவரிடம் காண்கிறேன். ஸ்டீபனின் ஆட்கள் சூழ்ந்த பகுதியில் அந்தக் கோட்டை தனித்து நின்று முற்றுகையைத் தாங்கியது. 1142 குளிர்காலத்தில், ஆக்ஸ்போர்டில் முற்றுகைக்குள்ளான மெட்டில்டா, பனியில் கண்ணுக்குத் தெரியாதிருக்க வெண்ணிற ஆடை போர்த்தி, சில வீரர்களுடன் உறைந்த ஆற்றைக் கடந்து இரவோடிரவாகத் தப்பியபோது, அடைக்கலம் தேடி வந்ததும் இங்கேதான்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது அவருடைய ஒரு கடிதம். ஸ்டீபனின் தம்பியும் வின்செஸ்டர் மறைமாவட்ட ஆயருமான ஹென்றி, தம் சந்தைக்குச் செல்வோரிடம் பிரையனின் ஆட்கள் பொருளைப் பறிப்பதாகக் குற்றம் சாட்டினார். பேரரசியை ஆதரிக்குமாறு ஒரு காலத்தில் சொன்னவரே இவர்தான்; பிறகு அண்ணனிடமே திரும்பிவிட்டார். பிரையன் அதை நேருக்கு நேர் நினைவூட்டினார்: நீங்கள் சொன்னதைச் செய்ததற்காகத்தான் மன்னர் ஹென்றி கொடுத்த நிலம் பறிபோனது, அதில் ஓர் ஏக்கர் தானியம்கூட இப்போது அறுவடை செய்வதில்லை என்று எழுதினார். பறித்ததை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. வழிப்போக்கர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஆனாலும் அந்த ஓர் ஏக்கர் கண்ணிலேயே நிற்கிறது.

1153இல் இருதரப்பும் உடன்பட்டு, ஸ்டீபனுக்குப் பின் மெட்டில்டாவின் மகனே அரசர் என்று முடிவானது. அதற்குள் பிரையனின் பெயர் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகிறது. கோட்டையும் பிள்ளைகள் எவருக்கும் போகாமல் அரசரின் கைக்குச் சென்றது.

அந்தக் கடிதத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் அனுப்புகிறேன், படித்துவிட்டு, ஆயருக்கு பிரையன் சொன்ன பதில் போதுமா என்று எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்