பேனல் வாங்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் மலையேறக் கிளம்புகிறாய் என்பதில் பெரிய மகிழ்ச்சி. இங்கே எல்லாரும் நலம். நான் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். இந்தக் கடிதம்தான் அதன் வெள்ளோட்டம்.

மடக்கி எடுத்துச் செல்லும் சோலார் பேனல் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். ஓரிடத்தில் கூடாரம் அடித்துத் தங்குவதானால் தாராளமாக வாங்கு. விடிந்தால் நடை, இருட்டினால் தூக்கம் என்று போவதானால் வேண்டாம். அந்த எடைக்கு இன்னொரு பவர் பேங்க் எடுத்துக்கொள். முதுகுப்பையில் பேனலைத் தொங்கவிட்டு நடப்பவர்களைப் பார்த்திருப்பாய். மிடுக்காகத்தான் இருக்கும். ஆனால் பாதை வளைய வளைய முதுகும் திரும்புகிறது, மரங்கள் வேறு மறைக்கின்றன. மின்சாரம் எங்கிருந்து வரும்?

பேனலுக்கு நிழல் அறவே ஆகாது. உள்ளே ஒளியை மின்சாரமாக்கும் செல்கள் வரிசையாகத் தொடர் இணைப்பில் இருக்கின்றன. ஒன்று மறைந்தாலும் வரிசை முழுவதும் திணறும். போன முறை என் பேனலில் ஒரு சிறிய மீட்டரைச் செருகிவைத்துப் பார்த்தேன். 17 வாட் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூலையில் உள்ளங்கையை வைத்ததும் 5க்கு இறங்கிவிட்டது. பேனலின் பரப்பில் கை மறைத்தது எவ்வளவு, குறைந்தது எவ்வளவு பார்!

அந்தப் பேனலின் மேல் 28 வாட் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. அது ஆய்வகக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். வெட்டவெளியில் செல் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறன் குறையும். ஆகவே சூடான பாறையோடு ஒட்டிப் பரப்பாதே. அடியில் காற்றுப் புகும்படி சாய்த்து நிறுத்து. சாய்வு சரியா என்று பார்க்க, ஒரு குச்சியைப் பேனல்மேல் செங்குத்தாகப் பிடி. குச்சியின் நிழல் அதன் அடிக்குள் ஒடுங்கிவிட்டால் பேனல் சூரியனை நேராகப் பார்க்கிறது என்று பொருள்.

கைப்பேசியை நேரடியாகப் பேனலில் செருகாதே. மேகம் கடக்கும்போதெல்லாம் சார்ஜ் ஏறுவது விட்டுப்போகும். சில கைப்பேசிகள் வெயில் திரும்பிய பிறகும் சும்மா கிடக்கும். பகலில் பவர் பேங்கை நிரப்பிக்கொண்டு, இரவில் அதிலிருந்து கைப்பேசிக்கு ஏற்று. 20,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் என்றால் சுமார் 74 வாட்-மணி. நல்ல வெயில் நாள் ஒன்று ஏறக்குறைய முழுவதும் அதற்கே போய்விடும். அதைப் பேனலின் பின்புற நிழலில் வை. வெயிலில் காய்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் நலிந்துவிடும்.

நீ எழுதியதைப் பார்த்தால் முதல் பாதி நடை, பிறகு ஏரிக்கரையில் தங்கல் என்று தோன்றுகிறது. அப்படியானால் வாங்கவே வேண்டாம், என்னுடையதை அனுப்புகிறேன். கரைக்குப் பொருள்களைக் கொண்டுவரும் வண்டியில் அதை ஏற்றிவிடு. புறப்படும் தேதியை மட்டும் சீக்கிரம் எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி