குளுவாங் மக்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் தோழர் தோழியருக்கும் வணக்கம்.

போன மாதம் நம் ஜொகூர் குளுவாங் கோயில் மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தீர்கள். பொன்னாடை, மாலை, ஆளுயரப் பதாகை, எல்லாம் நிறைவு. ஆனால் நான் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது சாப்பாட்டு வரிசை தொடங்கிவிட்டது. பசித்த கூட்டத்திடம் பேசுவது பாவம் என்று சுருக்கமாகக் கும்பிட்டு இறங்கிவிட்டேன். அன்று விட்டுப்போன நன்றியை இங்கே எழுதுகிறேன்.

என்னை அறிமுகம் செய்த தம்பி, மானுடச் சூழலியல் என்றால் மரம் நடுவது என்பதுபோலப் பேசினார். நானும் மரம் நட்டிருக்கிறேன், பொய்யில்லை. ஆனால் நான் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் வேறு. மனிதர் குடியிருக்கும் இடம், செய்யும் வேலை, குடிக்கும் தண்ணீர், சுற்றியுள்ள மண், பூச்சி, செடி, இவற்றில் ஒன்று அசைந்தால் மற்றவை என்ன ஆகின்றன என்று பார்ப்பது. அந்தப் பாடத்தை நான் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்பே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், படித்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்துப் பயிர் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. அதில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலையாக வரும். அந்தக் காலத்தில் நம் தோட்டங்களில் மகரந்தத்தைச் சுமந்து போகத் தோதான பூச்சி இல்லை. இள மரங்களில் காய் சரியாகப் பிடிக்காது. அதனால் ஆள் வைத்துத் தூள் ஊதினார்கள். என் அம்மா அந்தக் கும்பலில் இருந்தார். உலர்த்திச் சலித்த மகரந்தத்தை டால்கம் மாவோடு கலந்து கையில் கொடுத்துவிடுவார்கள். மட்டை இடுக்கில் முள்ளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பெண் பூவைத் தேடி ஊத வேண்டும். விரிந்த பூவில் சோம்பு வாசம் அடிக்கும். அம்மா கண்ணைவிட மூக்கைத்தான் நம்புவார். மத்தியானம் திரும்பும்போது முன்கை முழுக்கக் கீறலும் முகமெல்லாம் மாவுமாக இருக்கும். "பவுடர் போட்டுக்கிட்டு எங்கம்மா கல்யாணத்துக்கா?" என்று தோட்டக் கணக்கர் கிராணியார் கேலி செய்வார்.

1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். எள்ளளவுதான் இருக்கும். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் அங்கே போய் ஆராய்ந்து கண்டுபிடித்தது. மலேசியாவில் அதை முதலில் பறக்கவிட்ட இடங்களில் நம் குளுவாங் வட்டாரமும் ஒன்று என்பது இங்கே பலருக்குத் தெரியாது. காய் நன்றாகப் பிடித்தது, விளைச்சல் கூடியது, தூள் ஊத ஆள் தேவைப்படவில்லை. பாடநூல்கள் இதைப் பெரிய வெற்றி என்கின்றன. வெற்றிதான். நான் வகுப்பில் அதோடு நிறுத்தாமல் அடுத்து நடந்ததையும் சொல்வேன். அம்மாவை மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் தொட்டி, தொட்டியில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி. கையுறை பேருக்குத்தான் இருந்தது. நகம் நிறம் மாறி உரிய ஆரம்பித்தது. அந்த மருந்தை நாட்டில் முழுதாகத் தடை செய்தது 2020 ஜனவரியில். அம்மா அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார்.

அந்த நாட்களில் அம்மாவுக்கு முடியாமல் போனால், அவருடைய மர நிரைக்கும் சேர்த்து மருந்தடித்துவிட்டு, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் மூச்சுவிடாமல் இருந்தவர்கள் எங்கள் லயத்து அத்தைமார்கள். அரைநாள் கூலி வெட்டு விழாததால்தான் என் பள்ளிக்கூடத்துப் பஸ் காசு நிற்கவில்லை. அவர்களில் இன்னும் இருக்கிற மூவர் விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாடை அவர்களுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகுமுன் படித்த புகுமுக வகுப்பில் எனக்கு மலாய் பேச வாய் வரவைத்த டீச்சருக்கும், நான் ஆறாம் படிவம் முடிக்கும்வரை எங்கள் கடன் புத்தகத்தை நீட்டாத மளிகைக்கடை முதலாளி தவுக்கேக்கும் நன்றி.

செர்டாங் பல்கலைக்கழகத்தில் மானுடச் சூழலியல் புலம் தொடங்கியது 1992இல். குடும்பவியல், நுகர்வோர் இயல், குடியிருப்பு என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், "சமையல் சொல்லித் தருகிற இடமா?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்ணான எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குடிதண்ணீரை மாதிரி மாதிரியாகச் சோதித்த வேதியியலாளர். வீட்டுக் குழாயும் அடுப்பும் அறிவியலின் பொருள்தான் என்று அவர் நூறு வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார். இதை எனக்குச் சொல்லித் தந்து, லயத்துக் குழாய்த் தண்ணீரையே ஆய்வுக்கு எடுக்கச் சொன்ன மூத்த பேராசிரியருக்கு நான் பட்ட கடன் பெரிது.

அப்புறம் 2005இல் நிலைத்த வளர்ச்சிக்கான கல்விக்கென்று ஐ.நா. அறிவித்த பத்தாண்டு வந்தது. வந்ததும் எல்லாக் கருத்தரங்குக்கும் பச்சை இலைச் சின்னம் முளைத்தது. துணிப்பை கொடுத்தார்கள், என்னிடம் ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை. யாருக்கு லாபம், யார் முதுகில் தொட்டி என்று கேட்காத சூழல் கல்வி வெறும் அலங்காரம்.

பிடித்துப்போனது மாணவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்ததுதான். அதற்கு வழிவிட்டவர் ஓய்வுபெற்ற மண்டோர் ஐயா. தோட்டத்து எலியைப் பிடித்துத் தின்னும் கூகை ஆந்தை வந்து தங்கக் கூண்டு வைத்தபோது, ஆந்தை அலறினால் சாவு விழும் என்று பயந்த சனத்தை அவர்தான் சமாளித்தார். கூண்டுக்கடியில் கூகை கக்கிய கறுப்பு உருண்டை ஒன்றைப் பொறுக்கி, உள்ளங்கையில் பிட்டுக் காட்டுவார். ரோமத்துக்குள் எலியின் மண்டையோடு, பல்லோடு அப்படியே இருக்கும். நகரத்துப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், பிறகு அவர்களே தேடத் தொடங்குவார்கள். என் விரிவுரைகளில் பாதியை மறந்த மாணவர்கள்கூட அந்த உருண்டையைப் பற்றி இன்றும் விசாரிக்கிறார்கள்.

என் புத்தகங்களைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். அலமாரி செய்து தந்த பெற்றோர் சங்கத்துக்கும் நன்றி. வரும் பள்ளி விடுமுறையில் மண்டோர் ஐயாவோடு கூண்டு பார்க்கப் போகிறோம். வர விரும்பும் பிள்ளைகள் பூட்சும் நீளக் கால்சட்டையும் போட்டு வரட்டும், புதரில் பாம்பு உண்டு. பசியாறல் என் செலவு.

அன்புடன்,
உங்கள் லயத்துப் பிள்ளை