மதுரை மாவட்டத்தில் கண் நரம்பு அழற்சி நோயாளிகளைக் கணக்கெடுக்கக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், மதுரை.
அனுப்புநர்: உசிலம்பட்டி வட்டத்துக்காரன் ஒருவன்.

ஐயா, வணக்கம்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர் என்றுதான் மனு வரும். இது வேறு மாதிரி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு வீங்கி, சில நாட்களுக்குள் பார்வை மங்குவதைக் கண் நரம்பு அழற்சி, ஆங்கிலத்தில் ஆப்டிக் நியூரைட்டிஸ் என்கிறார்கள். கண்ணை அசைத்தால் வலிக்கும், நிறம் வெளுக்கும். என் தங்கை தையல் வேலை பார்க்கிறவள். ஒரு கண்ணால் பார்த்தால் சிவப்பாக இருக்கும் நூல்கண்டு, மறு கண்ணுக்கு வெயிலில் காய்ந்த பழந்துணி மாதிரி வெளிறித் தெரிகிறது என்றாள். முதலில் காட்டிய இடத்தில் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இது 20 முதல் 45 வயதுக்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. உலக அளவில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 1 முதல் 5 பேருக்குப் புதிதாக வருவதாகக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 30 லட்சம் பேருக்கு மேல், அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு 30-லிருந்து 150 பேர் வரை வரலாம். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பி உட்காரவும் முடியாது, ஏனென்றால் அதில் பெரும்பகுதி வெள்ளைக்காரர்கள் வாழும் குளிர்நாடுகளில் எடுத்தது. அங்கே இந்த நோய்க்குப் பின்னால் பெரும்பாலும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைக் கெடுக்கும் நோய்) இருக்கும், ஆசியர்களிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயின் பங்கு கூடுதல். அது முதுகுத்தண்டையும் தாக்கிக் காலை முடக்கக்கூடியது.

எந்த வகை என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் ஆபத்து. மல்டிபிள் ஸ்க்லிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் ஊசி நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவை மோசமாக்கிவிடும். இதைப் பிரித்துக் காட்டும் ஆன்டிபாடியை (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதம்) 2004-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம். வெறும் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வழக்கமான அளவில் கொடுத்தால் நோய் திரும்ப வருவது கூடுகிறது என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1992-ல் சொன்னதை இங்கே எத்தனை கிளினிக்கில் கவனிக்கிறார்களோ!

ஆகவே ஐயா, பெரியாஸ்பத்திரியில் கண் பிரிவும் நரம்பியல் பிரிவும் சேர்ந்து ஒரே பதிவேடு வைக்க உத்தரவிடுங்கள். கண்ணுக்குப் பேர்போன ஊர் இது, தனியார் கண் மருத்துவமனைகளையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வயது, ஆணா பெண்ணா, ஊர், ஆன்டிபாடி முடிவு, இவ்வளவு போதும். டிபி மருந்து எத்தாம்பியூட்டாலால் கண் நரம்பு கெடுவது அழற்சி இல்லை, அதைத் தனிப் பத்தியில் எழுதட்டும், இல்லையென்றால் கணக்கு குழம்பிவிடும். அந்த ரத்தப் பரிசோதனையை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யவும் வழி பண்ணுங்கள். அப்புறம், மேலூர், பேரையூர், வாடிப்பட்டி பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை: கண் அசைத்தால் வலி, சிவப்பு வெளிறல் என்று இளவயதுப் பெண் யாராவது வந்தால் கண்ணாடிக் கடைக்கு அனுப்பாமல் அன்றைக்கே மதுரைக்கு அனுப்ப வேண்டும்.

மனு எந்தத் துறைக்குப் போகிறது என்று ஒரு பதில் போட்டால் நானே அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்