அமெரிக்கக் காங்கிரஸின் ஜான்சன்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மைக் ஜான்சன், ஹாங்க் ஜான்சன், டஸ்டி ஜான்சன், ஜூலி ஜான்சன், செனட்டர் ரான் ஜான்சன் ஆகியோருக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் உங்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் 119-வது முறையாகப் புதிதாய்க் கூடியபோது உறுப்பினர் பட்டியலில் உங்கள் ஐந்து பேரின் பெயரும் இருந்தது. லூசியானா, ஜார்ஜியா, தென் டகோட்டா, டெக்சாஸ், விஸ்கான்சின் என்று ஆளுக்கொரு மாநிலம். மூன்று பேர் குடியரசுக் கட்சி, இரண்டு பேர் ஜனநாயகக் கட்சி. உங்கள் ஐவரையும் ஒரே கடிதத்தில் கூப்பிட்டு உட்கார வைக்க எனக்கு இருக்கும் ஒரே சாக்கு உங்கள் பெயர்தான். பெயர் விஷயத்தில் எனக்குப் பழைய மனக்குறை ஒன்று உண்டு, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில் எனக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் என் பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால், விசா வந்தபோது என் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டது. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போன இடத்தில் அந்தச் சுருக்கத்தையே உரக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் நான் திருவாளர் எஃப்என்யூவாக வாழ்ந்தேன். பிறகு அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராக்கிப் பாஸ்போர்ட்டை மாற்றினேன். இப்போது எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். வீட்டுக்கு வரும் தபால்காரர், மூன்று பேர் சேர்ந்து வாடகையைப் பங்கு போட்டுக் குடியிருப்பதாகத்தான் நினைத்திருப்பார்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. உங்கள் பெயரும் ஒரு இனிஷியல்தானே! ஜானின் மகன், ஜான்சன். முன்னொரு காலத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்த தகப்பன் பெயர், ஏதோ ஒரு ஜானோடு அப்படியே உறைந்துவிட்டது. ஐஸ்லாந்தில் அது இன்னும் உறையவில்லை. அங்கே இன்றும் பெரும்பாலோர் தகப்பன் பெயரைத்தான் பின்னால் சேர்க்கிறார்கள், எங்களைப் போலவே. உங்கள் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் ஸ்மித்துக்கு அடுத்ததாக நிற்கும் பெயர் உங்களுடையது. ஸ்வீடனிலிருந்து மினசோட்டாவுக்கு வந்த குடியானவர்களின் வழியாகவும் அது பெருகியது. அங்கே ஆளுநராக இருந்த ஜான் ஆல்பர்ட் ஜான்சன் ஸ்வீடன்காரர்களின் மகன். செனட்டராக இருந்த மேக்னஸ் ஜான்சன் ஸ்வீடனிலேயே பிறந்தவர். கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு இதே பெயர் அடிமை முறையின் வழியாக வந்து சேர்ந்தது. எந்த ஜானின் மகன் என்று அவர்களை யாரும் கேட்கக்கூட முடியாது. ஆக, பெயரை வைத்து உங்களை ஒரு குலமாகக் கட்ட முடியாது. ஆனால் உங்கள் பெயரில் ஒரு வரலாறு ஓடுகிறது. அதில் என் வாழ்க்கையும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஆண்ட்ரூ ஜான்சன் 1808-ல் பிறந்தார், லிண்டன் ஜான்சன் 1908-ல். இருவரும் தெற்கத்தியர். இருவரும் துணை அதிபராக இருந்து, அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டதால் நாற்காலிக்கு வந்தவர்கள். ஒருவர் லிங்கனுக்குப் பின், மற்றவர் கென்னடிக்குப் பின். உறவு எதுவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், டென்னசியில் ஆண்ட்ரூவின் ஊருக்கு அருகில் ஒரு ஜான்சன் சிட்டி இருக்கிறது, டெக்சாஸில் லிண்டன் வளர்ந்ததும் ஒரு ஜான்சன் சிட்டி. இரண்டுக்குமே இந்த அதிபர்களால் பெயர் வரவில்லை! டென்னசி ஊர் ஹென்றி ஜான்சன் என்ற வேறொருவருடையது. டெக்சாஸ் ஊர் லிண்டனின் மூத்த தலைமுறை உறவினர் ஒருவருடையது. மகளை அங்கே கூட்டிப் போனபோது, "அதிபர் பேரை ஊருக்கு வச்சாங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஊருக்கு முதல்லயே பேர் இருந்துச்சு, அதிபர் அப்புறம் வந்தார்" என்றேன். அவள் நம்பவில்லை.

அந்த மகள் இந்த நாட்டில் பிறந்தவள். நான் விசாவில் இருப்பவன், அவள் குடிமகள். அவளை அப்படி ஆக்கியது அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம். இந்த மண்ணில் பிறந்தவர்கள் குடிமக்கள் என்று சொன்ன 1866-ம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தை ஆண்ட்ரூ ஜான்சன் வீட்டோ செய்தார். காங்கிரஸ் அதைத் தாண்டி நிறைவேற்றியது. 14-வது திருத்தத்தையும் அவர் எதிர்த்தார். அது 1868-ல் சட்டமானது. அதே ஆண்டு அவர் மீது வந்த பதவிநீக்க விசாரணையில் 35 செனட்டர்கள் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஓட்டுக் குறைந்ததால் பிழைத்தார். தையற்காரராக இருந்து அதிபர் வரை உயர்ந்தவர், உள்நாட்டுப் போர்க் காலத்தில் நாட்டை விட்டுப் பிரிந்துபோன மாநிலத்தவராக இருந்தும் செனட்டை விட்டு வெளியேறாத ஒரே ஆள். இந்தத் துணிச்சலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் என் மகளின் பாஸ்போர்ட்டைப் பார்க்கும்போதெல்லாம், அந்த ஜான்சன் தோற்றது நல்லதாயிற்று என்றுதான் தோன்றுகிறது. 2025 ஜனவரியில் தற்காலிக விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பிறப்புரிமை கிடையாது என்று அதிபரின் ஆணை வந்து, விஷயம் வழக்காகி நீதிமன்றங்களில் ஏறியபோது, நாங்கள் வீட்டில் பேசிக்கொண்டதும் இதைத்தான்.

அடுத்த ஜான்சன் ஆல்பர்ட். வாஷிங்டன் மாநிலத்தில் பத்திரிகை நடத்தியவர், 1919 முதல் 1931 வரை பிரதிநிதிகள் சபையின் குடியேற்றக் குழுத் தலைவர். 1924-ன் ஜான்சன்-ரீட் சட்டத்தில் இருப்பது இவர் பெயர். நாடுவாரியான ஒதுக்கீடு, குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்களுக்கு வாசலே கிடையாது. யாருக்குத் தகுதியில்லை? இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்ல, அதனால் குடியுரிமை கிடையாது என்று முந்தைய ஆண்டுதான் பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லி முடித்திருந்தது. கலிபோர்னியாவில் இன்னொரு ஜான்சன், ஆளுநர் ஹைரம், அப்படித் தகுதியில்லாதவர்கள் நிலம் வாங்கக் கூடாதென்ற சட்டத்தில் 1913-லேயே கையெழுத்திட்டிருந்தார். (பதவியில் இருப்பவரை மக்களே ஓட்டுப் போட்டு இறக்கும் உரிமையை அந்த மாநிலத்துக்குக் கொண்டுவந்தவரும் இதே ஹைரம்தான். மனிதர்களை ஒரு பெட்டியில் அடைப்பது கஷ்டம்.)

அந்த 1924 சட்டத்தை எதிர்த்து ஓட்டளித்தவர்களில் புரூக்ளினிலிருந்து புதிதாக வந்திருந்த எமானுவல் செல்லர் ஒருவர். 41 ஆண்டு அவர் அதை மறக்கவில்லை. 1965-ல் நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த மசோதாவில் அவர் பெயர் இருந்தது. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் அதில் கையெழுத்திட்டவர் லிண்டன் ஜான்சன். ஒரு ஜான்சன் பூட்டியதை இன்னொரு ஜான்சன் திறந்தார். இது புரட்சிகரமான சட்டமொன்றும் இல்லை, லட்சக்கணக்கானோரின் வாழ்க்கையை இது பாதிக்காது என்று அன்று அவர் பேசினார். அவர் கணிப்பு எவ்வளவு தப்பு என்பதற்கு டல்லாஸிலோ நியூஜெர்சியிலோ ஞாயிற்றுக்கிழமை ஒரு தமிழ்ப் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தைப் போய்ப் பார்த்தால் போதும். வியட்நாமை வைத்து அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நான் இங்கே இருப்பது அந்தக் கையெழுத்தால்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1965 சட்டம் இந்தியா உள்ளிட்ட கிழக்கு அரைக்கோள நாடுகளுக்கு, ஒரு நாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே உச்சவரம்பு வைத்தது. பழைய ஓரவஞ்சனைக்கு மாற்றாக அது நியாயமாகத்தான் தெரிந்திருக்கும். இன்று அது எல்லா நாடுகளுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதம். ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள், அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதிகள், ஆண்டுக்கு சுமார் 1,40,000. அந்த எண் 1990-ல் வைத்தது. விளைவு, எங்களில் பலருக்கு வரிசை பதினைந்து இருபது வருடங்களைத் தாண்டி நீள்கிறது. எங்கள் தெருவில் ஒரு பையன், இரண்டு வயதில் பெற்றோரோடு வந்தவன். என் மகளோடு ஒரே பேருந்தில் பள்ளிக்குப் போனவன். 21 வயது ஆனால் அவன் பெற்றோரின் வரிசையிலிருந்து விழுந்துவிடுவான். அவனுக்கு நினைவில் இல்லாத ஒரு நாட்டுக்குப் போக வேண்டியவனாகிறான், அல்லது மாணவர் விசாவில் விருந்தாளியாக இருக்கலாம். என் மகளுக்கும் அவனுக்கும் வித்தியாசம், எந்த மருத்துவமனையில் பிறந்தார்கள் என்பது மட்டும்.

2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபை வேலை அடிப்படையிலான கார்டுகளுக்கு இந்த உச்சவரம்பை நீக்கும் மசோதாவை 365-65 என்று நிறைவேற்றியது. உங்களில் மூவர் அன்று அந்த அவையின் உறுப்பினர்கள். 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிந்தது. உச்சவரம்பை எடுத்தால் மற்ற நாட்டினரின் வரிசை நீளும் என்பார்கள். உண்மைதான், அந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அப்படியானால் 1990-ன் எண்ணையும் தொடுங்கள். அதற்கு மனமில்லை என்றால், அந்தப் பையனைப் போன்றவர்களை மட்டுமாவது வரிசையிலிருந்து விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்சியிலும் இதற்கு ஆதரவாகப் பேசியவர்கள் இருக்கிறார்கள். மைக் ஜான்சன் அவர்களே, 2023 அக்டோபரில் அவைத்தலைவர் நாற்காலி உங்களுக்குக் கிடைத்தது. எந்த மசோதா ஓட்டெடுப்புக்கு வரும் என்பதில் அந்த நாற்காலிக்கு இருக்கும் பிடி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழில் எழுதினால் உங்களுக்கு எப்படிப் புரியும் என்று என் மனைவி கேட்டாள். உங்கள் ஐந்து அலுவலகங்களுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். பொதுவான நன்றிக் கடிதம் இரண்டு வந்திருக்கிறது. ஒன்றில் என் பெயருக்கு முன்னால் மீண்டும் அந்த எஃப்என்யூ.

உங்கள் சபையின் ஓட்டுப் பட்டியலில் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்துக்காட்டப் பக்கத்தில் மாநிலத்தைப் போடுவார்கள்: ஜான்சன் (ஜார்ஜியா), ஜான்சன் (லூசியானா), ஜான்சன் (தென் டகோட்டா), ஜான்சன் (டெக்சாஸ்). அந்த மசோதா மறுபடி வருகிற அன்று, அந்தப் பையனும் நானும் பட்டியலைத் திறந்து நேராக 'ஜா' எழுத்துக்குத்தான் போவோம்.

இப்படிக்கு,
அப்பாவின் பெயரைக் கடைசியில் சுமக்கும் ஒருவன்,
டெக்சாஸ்